மண்ணில்லாமல் பயிர் வளர்க்கும் ஊரிலிருந்து மண்ணைப் படிக்கப் போவது ஏன்? மீளுருவாக்க வேளாண்மை முதுநிலைப் படிப்பு: ஒரு விளக்கம்

2025 நவம்பரில் சிங்கப்பூர் தன் உணவு இலக்கை மாற்றிக்கொண்டது. 2030க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என்று 2019இல் அறிவிக்கப்பட்ட இலக்கு விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன் இடத்தில் 2035க்கான புதிய இலக்கு வந்தது. காய்கறி, காளான், முளைப்பயறு போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காட்டையும், முட்டை, மீன் போன்ற புரத உணவில் 30 விழுக்காட்டையும் உள்ளூரில் உற்பத்தி செய்வது என்பது அது.

செய்தியைப் படித்த பல பெற்றோருக்கு நியாயமான ஒரு கேள்வி எழுகிறது. உள்ளூர்ப் பண்ணைகளே தடுமாறும்போது, பிள்ளை வெளிநாட்டுக்குப் போய் ‘ரீஜெனரேட்டிவ் அக்ரிகல்ச்சர்’, அதாவது மீளுருவாக்க வேளாண்மை, முதுநிலைப் பட்டம் படிக்கிறேன் என்றால் அதற்கு என்ன பொருள்? திரும்பி வந்து எந்த வயலில் இறங்குவது?

இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்ததால் வந்த குழப்பம் இது. சிங்கப்பூரில் நடப்பது பெரும்பாலும் மண் தேவைப்படாத வேளாண்மை. கட்டடத்துக்குள் அடுக்கடுக்காக, விளக்கொளியில், சத்துக் கரைசலில் கீரை வளர்க்கிறார்கள். மீளுருவாக்க வேளாண்மையோ முழுக்க முழுக்க மண்ணைப் பற்றியது. அந்த மண் இங்கே இல்லை. நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது என்பதால், நமக்குச் சோறு போடும் மண் தஞ்சாவூரிலும் தாய்லாந்திலும் வியட்நாமிலும் கேமரன் மலையிலும் இருக்கிறது. அந்த மண்ணின் நிலையை அறிந்து சொல்லக்கூடியவர்கள் இங்கே தேவையா என்பதே சரியான கேள்வி.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

தமிழில் இந்தத் துறைக்குச் சொற்கள் குறைவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. ‘ஆர்கானிக்’ என்பதைத் தமிழ்நாட்டு அரசு ஆவணங்கள் ‘அங்கக வேளாண்மை’ என்கின்றன, மக்கள் ‘இயற்கை விவசாயம்’ என்கிறார்கள். இலங்கையில் ஆர்கானிக் உரத்தைச் ‘சேதனப் பசளை’ என்பார்கள். சிலர் ‘கரிம வேளாண்மை’ என்றும் எழுதுகிறார்கள். சிங்கப்பூர்ச் செய்திகளில் ‘கரிம’ என்றால் கார்பன். ‘கரிம வரி’ என்பதில் வருவது அதுதான். ஆகவே இங்குள்ள வாசகருக்குக் ‘கரிம உரம்’ என்ற சொல்லே தடுக்கி விழவைக்கும். இந்தக் கட்டுரையில் ‘கரிமம்’ என்பது கார்பனை மட்டும் குறிக்கிறது.

1. அங்கக வேளாண்மை: எதைப் போடக்கூடாது என்பதால் வரையறுக்கப்படுவது. செயற்கை உரம், செயற்கைப் பூச்சிக்கொல்லி கூடாது. பல நாடுகளில் சட்டப்படியான வரையறையும் சான்றிதழும் உண்டு.

2. மீளுருவாக்க வேளாண்மை: என்ன விளைவு வரவேண்டும் என்பதால் பேசப்படுவது. மண்ணின் கரிமம், நீர் உறிஞ்சும் தன்மை, உயிர்ப்பன்மை ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு கூடவேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ராபர்ட் ரோடேல் 1980களில் இந்தச் சொல்லைப் பரப்பினார். சில தனியார் சான்றிதழ்கள் இருந்தாலும், உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட வரையறை இன்றுவரை இல்லை.

3. வேளாண் சூழலியல் (‘அக்ரோஇகாலஜி’): பண்ணையோடு சந்தை, உழவர் உரிமை, உணவுப் பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் துறை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நமக்கு வேண்டிய பாடங்கள் பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

வரையறை இல்லாதது சின்ன விஷயமல்ல. தன் முக்கிய மூலப்பொருள்களில் பாதியை 2030க்குள் மீளுருவாக்க முறையில் விளைந்ததாக வாங்கப்போவதாக நெஸ்லே 2021இல் அறிவித்தது. ஒரு நிலத்தை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது யார், எதை வைத்து? முதுநிலைப் படிப்பின் மையம் இந்தக் கேள்விதான்.

‘ஆழ உழு’ என்ற பழமொழியும் ‘உழாதே’ என்ற பாடமும்

இந்தப் படிப்பில் சேரும் தமிழ் மாணவருக்கு முதல் வாரத்திலேயே ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். ‘அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்’ என்று கேட்டு வளர்ந்தவரிடம், உழவைக் குறை, முடிந்தால் உழாதே என்று பாடம் தொடங்கும். முன்னோர் தவறாகச் சொன்னார்களா?

தவறில்லை. உழும்போது மண் கட்டிகள் உடைகின்றன. அவற்றுக்குள் ஒளிந்திருந்த மட்குப் பொருள் வெளியே வருகிறது, காற்றும் கிடைக்கிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பயிருக்குக் கிடைக்கும் வடிவில் விடுகின்றன. அந்தப் போகம் செழிக்கிறது. கூடவே மண்ணின் கரிமம் கரியமில வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. உழவு என்பது சேமிப்பிலிருந்து பணம் எடுப்பதைப் போன்றது. பழைய முறையில் எடுத்ததைத் திரும்பப் போடவும் வழி இருந்தது. தொழுஉரம் போட்டார்கள், ஆட்டுக்கிடை மடக்கினார்கள், கொழிஞ்சியும் சணப்பையும் விதைத்து மடக்கி உழுதார்கள். மாடுகள் இழுத்த மரக்கலப்பை மண்ணைக் கீறியது. டிராக்டரின் ரோட்டவேட்டர் மண்ணை மாவாக்குகிறது. எடுப்பது பல மடங்கு கூடி, போடுவது நின்றுபோனதுதான் சிக்கல்.

மண்ணை மூடியே வைப்பது, குறைவாகக் கிளறுவது, ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு வேர் உயிரோடு இருக்கச் செய்வது, பயிர்களைக் கலந்தும் மாற்றியும் போடுவது, கால்நடையை வயலோடு சேர்ப்பது. மீளுருவாக்க வேளாண்மையின் கொள்கைகள் என்று பாடநூல்கள் தருவன இவ்வளவே. கரூர் மாவட்டத்தில் தம் வானகம் பண்ணையில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் மூடாக்கு (மண்ணைத் தழையால் மூடுவது) பற்றியும் பலதானிய விதைப்பு பற்றியும் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டவர்களுக்கு இவற்றில் எதுவும் புதிதாக இராது.

மலாயாத் தோட்டங்களில் வேலை செய்த குடும்பங்களுக்கும் இது தெரிந்த காட்சிதான். ரப்பர் கன்றுகளுக்கு இடையே மண் தெரியாமல் படர்ந்து கிடந்த கொடிகள் தானாக முளைத்த களைகளல்ல. தழைச்சத்தை நிலைநிறுத்தவும் மழையில் மண் கரையாமல் காக்கவும் தோட்ட நிர்வாகமே விதைத்த பயறுவகைக் கொடிகள் அவை. செம்பனைத் தோட்டங்களிலும் இதே வழக்கம் உண்டு. மூடுபயிர் என்றதும் அமெரிக்கச் சமவெளியைக் காட்டும் பாடநூல்கள் இந்தத் தென்கிழக்காசிய அனுபவத்தை அதிகம் பேசுவதில்லை. நம் பிள்ளைகள் வகுப்பில் எழுப்ப வேண்டிய விஷயம் இது.

படிப்பின் கடினமான பகுதி: அளப்பது

கொள்கைகளை ஒரு வாரப் பயிலரங்கில் கற்றுக்கொள்ளலாம். முதுநிலைப் பட்டம் எதற்கு என்பது கணக்குப் போட்டால்தான் விளங்கும்.

ஒரு ஹெக்டேர் நிலம், மேல் 30 சென்டிமீட்டர் மண். பரப்பு 10,000 சதுர மீட்டர் என்பதால் மண்ணின் கன அளவு 3,000 கன மீட்டர். ஒரு கன மீட்டர் மண் 1.3 டன் எடை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 3,900 டன். அதில் கரிமம் 1 விழுக்காடு என்றால் 39 டன்.

உழவர் ஐந்தாண்டு பாடுபட்டு அதை 1.1 விழுக்காடாக உயர்த்துகிறார். கூடியது 3.9 டன் கரிமம். கரியமில வாயுவாகக் கணக்கிட 3.67ஆல் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 14.3 டன். இதைக் கரிமப் புள்ளியாக, அதாவது தங்கள் வெளியேற்றத்தை ஈடுசெய்ய மற்ற நிறுவனங்கள் வாங்கும் அலகாக, விற்கலாம் என்று ஒரு நிறுவனம் வருகிறது. இந்தக் கணக்கில் தவறிவிழ மூன்று இடங்கள் இருக்கின்றன.

1. ஒரே வயலில் மேட்டுப்பகுதி மண்ணில் 0.8 விழுக்காடும் பள்ளப்பகுதியில் 1.3 விழுக்காடும் இருப்பது சாதாரணம். 0.1 விழுக்காட்டு உயர்வு இந்த வேறுபாட்டுக்குள் மறைந்துவிடும். எத்தனை இடத்தில், எந்த ஒழுங்கில் மண் எடுத்தால் உண்மை உயர்வைத் தற்செயலிலிருந்து பிரிக்க முடியும் என்பது புள்ளியியல் கேள்வி. மாணவர்கள் தவிர்க்கப் பார்க்கும் பாடமும் அதுதான்.

2. உழவை நிறுத்தினால் மண் சற்று இறுகும். ஒரு கன மீட்டர் 1.3 டன்னிலிருந்து 1.4 டன் ஆகிறது என்று வையுங்கள். இப்போது அதே 30 சென்டிமீட்டரில் 4,200 டன் மண். கரிமம் அதே 1 விழுக்காடுதான், ஆனால் கணக்கில் 42 டன். ஒரு பிடி தழைகூட நிலத்தில் சேரவில்லை. காகிதத்தில் 3 டன் கூடிவிட்டது. ஆழத்தை வைத்து அளக்காமல் ஒரே அளவு மண் எடையை வைத்து ஒப்பிட்டால் இந்தப் பிழை வராது. இதைத் தெரியாதவர் தயாரித்த அறிக்கையை நம்பி ஒரு வங்கி கடன் கொடுக்கலாம், ஒரு நிறுவனம் விளம்பரம் செய்யலாம்.

3. உழாத நிலத்தில் கரிமம் மேல் அடுக்கில் சேர்ந்து, கீழ் அடுக்கில் குறையவும் கூடும். 15 சென்டிமீட்டரோடு நிறுத்தி அளந்தால் வெற்றி, 60 சென்டிமீட்டர் வரை தோண்டினால் மாற்றமே இல்லை என்று வந்த ஆய்வுகள் உண்டு. உழாமை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. மண்ணரிப்பு குறைவதும் மழைநீர் உள்ளே இறங்குவதும் தனி நன்மைகள். அவற்றைக் கரிமக் கணக்கில் ஏற்றிச் சொல்வதுதான் தவறு.

இந்தத் துறையில் அன்பும் ஆர்வமும் மிக்கவர்கள் ஏராளம். மண்ணை நேசிப்பவர்களே அளவையில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொய்க் கணக்கு ஒன்று வெளிப்பட்டால், உண்மையாக உழைத்த பத்து உழவரின் விளைச்சலும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இலங்கை 2021

மீளுருவாக்க வேளாண்மை என்றாலே இலங்கையில் நடந்ததைச் சுட்டிக்காட்டுபவர்கள் இருக்கிறார்கள். 2021இன் முற்பகுதியில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை அடிவாங்கியது, அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதும் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஹெக்டேருக்கு 5 டன் நெல் அறுத்தால், மணியோடு மட்டும் 50 முதல் 60 கிலோ தழைச்சத்து வயலைவிட்டுப் போகிறது. தொழுஉரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ அரை விழுக்காடு. தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுஉரத்தைப் போட்டால் 62 கிலோ கிடைக்கும். காகிதத்தில் கணக்கு சரியாகிவிட்டதுபோல் தெரியும். ஆனால் அதில் ஒரு பகுதிதான் முதலாண்டில் பயிருக்குக் கிடைக்கும், மீதி மெல்ல மெல்ல வரும். ஒரு நாடு முழுவதற்கும் அவ்வளவு எரு ஒரே போகத்தில் எங்கிருந்து வரும்?

தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிரை விதைத்து, பயறுவகையைச் சுழற்சியில் சேர்த்து, ரசாயன உரத்தைச் சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைப்பது ஒரு வழி. ஒரே அறிவிப்பில் நிறுத்துவது முற்றிலும் வேறு. அந்த இடைக்காலத்தை எப்படித் திட்டமிடுவது, அந்த ஆண்டுகளின் இழப்பை யார் ஏற்பது என்பதைத்தான் நல்ல முதுநிலைப் பாடத்திட்டம் ஒரு பருவம் முழுவதும் கற்பிக்கும்.

எங்கே, எந்தப் பெயரில் படிக்கலாம்

சிங்கப்பூரில் வேளாண்மைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் இல்லை. இங்கிருக்கும் பாடங்களும் ஆய்வு மையங்களும் நகர்ப்புற வேளாண் தொழில்நுட்பம், உணவு அறிவியல், மீன்வளர்ப்பு ஆகியவற்றில் வலுவானவை. வெளியே பார்த்தால் மூன்று வகை.

முதல் வகை, பட்டத்தின் பெயரிலேயே ‘ரீஜெனரேட்டிவ்’ இருப்பவை. எண்ணிக்கையில் குறைவு, வயதிலும் இளையவை. ஆஸ்திரேலியாவின் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழகம் 2020இல் இளநிலையிலேயே இதைச் சிறப்புப் பாடமாக்கியது. இங்கிலாந்தின் டார்டிங்டனில் இயங்கிய ஷூமாக்கர் கல்லூரி இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. 2024இல் அதன் பட்டப்படிப்புகள் பணநெருக்கடியால் நிறுத்தப்பட்டன. பாடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை நடத்தும் நிறுவனத்தின் காலூன்றலையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, வேளாண் சூழலியல் என்ற பெயரில் வருபவை. நெதர்லாந்தின் வாகனிங்கன், நார்வே உயிர் அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவை அறியப்பட்டவை. ஐரோப்பாவில் பொதுவாக 2 ஆண்டு, 120 பாடப்புள்ளிகள். இங்கிலாந்தில் 1 ஆண்டு. ஓராண்டுப் படிப்பு செலவைக் குறைக்கும்; ஆனால் மாணவர் ஒரே ஒரு விளைபருவத்தைத்தான் பார்ப்பார்.

மூன்றாவது, பழைய பெயர்கள்: மண் அறிவியல், உழவியல். விளம்பரத்தில் கவர்ச்சியில்லாத இவைதான் பலருக்குச் சிறந்தவை என்பேன். மலேசியாவின் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம் 1931இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கியது. வெப்பமண்டல மண்ணைக் கற்க அருகிலேயே இருக்கும் இடம். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இன்னொன்று. ஒரு தடை மட்டும் உண்டு: இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களில் முதுநிலை வேளாண்மைக்குப் பொதுவாக நான்காண்டு வேளாண் இளநிலை கேட்பார்கள். பொறியியலோ வணிகமோ படித்த சிங்கப்பூர் மாணவருக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் இதில் சற்றுத் தளர்வானவை.

கோவையைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. மண்ணின் மாற்றம் மெதுவானது. கரிமம் கூடியதா என்று உறுதியாகச் சொல்லப் பெரும்பாலும் ஐந்து முதல் பத்தாண்டு வேண்டும். முதுநிலை மாணவருக்கு அவ்வளவு காலம் கிடையாது. ஆகவே ஏற்கெனவே பல்லாண்டாக ஓடிக்கொண்டிருக்கும் வயல்களில் அவர் மண் எடுக்கக் கிடைத்தால் அது பெரும் பேறு. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் பிராட்பாக் வயல் 1843 முதல் ஓடுகிறது. ரோடேல் நிறுவனத்தின் ஒப்பீட்டு வயல்கள் 1981 முதல். கோவையின் நிரந்தர உரப் பரிசோதனை வயல் 1909இல் தொடங்கியது. நூறாண்டுக்கும் மேல் ஒரே பாத்தியில் ஒரே உரமுறையைத் தொடர்ந்த மண்ணைத் தொட்டுப் பார்ப்பது பத்துப் பாடநூல் தராத அறிவைத் தரும்.

திரும்பி வந்தால் என்ன வேலை?

உள்ளூர்ப் பண்ணையில் வேலை செய்வதுதான் ஆசை என்றால் இந்தப் பட்டம் சரியான தேர்வல்ல. கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் பயிர் வளர்ப்பதையோ மீன்வளர்ப்பையோ படிப்பதே பொருத்தம். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வாய்ப்பு இருப்பது வேறு இடங்களில். ஓலம், வில்மார் போன்ற வேளாண்பொருள் வணிக நிறுவனங்களின் தலைமையகம் சிங்கப்பூரில் இருக்கிறது. கொக்கோ, காப்பி, அரிசி, பாமாயில் விளையும் நிலங்களைப் பற்றிய முடிவுகள் இங்கே எடுக்கப்படுகின்றன.

அடுத்தது, நிறுவனங்கள் வெளியேற்றும் கரியமில வாயு போன்றவற்றுக்குச் சிங்கப்பூர் விதிக்கும் கரிம வரி. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கியது, 2024இல் 25 வெள்ளியானது, 2026, 2027ஆம் ஆண்டுகளுக்கு 45 வெள்ளி. வரி செலுத்தும் நிறுவனங்கள் தங்கள் வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை தகுதியான அனைத்துலகக் கரிமப் புள்ளிகளைக் கொண்டு ஈடுசெய்யலாம். அந்தத் தகுதிக்கு அரசு ஏழு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. இருமுறை எண்ணக்கூடாது, திட்டம் இல்லாமலேயே நடந்திருக்கக்கூடியதாக இருக்கக்கூடாது, நிலைத்திருக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. மண் கரிமத்துக்கு ‘நிலைத்திருத்தல்’ மிகக் கடினமான தேர்வு. பத்தாண்டு சேர்த்ததை அடுத்த குத்தகைதாரர் சில உழவுகளில் கரைக்கத் தொடங்கிவிடலாம்.

நெல்லில் நிலைமை சற்று வேறு. தேங்கிய நீருக்கடியில் காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மீண்டும் பாய்ச்சும் முறை இருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் உழவர் சொல்வதன் அளந்த வடிவம் இது. மீத்தேன் கணிசமாகக் குறையும். வெளியேறாமல் தடுத்த மீத்தேன் தடுத்ததுதான். மண்ணில் சேர்த்த கரிமம்போல் பின்னால் கரைந்துபோகாது. அதேசமயம் மண் காய்ந்து நனையும்போது நைட்ரஸ் ஆக்சைடு கூடக்கூடும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கும் மேல் வெப்பம் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து அளக்காத திட்டம் பாதிக் கணக்குத்தான். இந்த இரண்டு வாயுக்களையும் வயலில் அளக்கத் தெரிந்தவர் தென்கிழக்காசியாவின் எந்த நெல் திட்டத்திலும் மதிக்கப்படுவார்.

கட்டணம் கட்டும் முன் பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியவை

1. மண் இயற்பியல், மண் வேதியியல், புள்ளியியல் மூன்றும் கட்டாயப் பாடங்களா? விருப்பப் பாடம் என்றால் தயங்குங்கள்.

2. நீண்டகாலப் பரிசோதனை வயல் எங்கே இருக்கிறது, மாணவர் அதில் மண் எடுக்க அனுமதி உண்டா?

3. முழுவதும் இணையவழி என்றால் கள வேலை எந்தப் பண்ணையில், எத்தனை வாரம்?

4. மீளுருவாக்க முறை தோற்றுப்போன ஆய்வுகளும் பாடத்தில் உண்டா? மேய்ச்சல் நிலம் எவ்வளவு கரிமம் சேர்க்கும் என்பதில் அறிஞர்களிடையே கடும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரு தரப்பை மட்டும் கற்பிக்கும் துறையைத் தவிர்ப்பது நல்லது.

5. ஆய்வேட்டை வெப்பமண்டல நிலத்தில் செய்ய இடம் கொடுப்பார்களா? குளிர்நாட்டில் மூடுபயிரைப் பல இடங்களில் உறைபனியே கொன்றுவிடும். பனியில்லாத சூழலில் அதை மடக்கி உழுவதா, உருளையால் நசுக்குவதா, களைக்கொல்லி அடிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். இங்கே மட்கும் வேகமும் அதிகம், மண்ணின் அமிலத்தன்மையும் வேறு. கேமரன் மலைச் சரிவிலோ காவிரிப் படுகையிலோ ஒரு பருவம் ஆய்வு செய்ய ஒப்புக்கொள்ளும் வழிகாட்டி கிடைத்தால், பட்டத்தின் பெயரில் ‘ரீஜெனரேட்டிவ்’ இல்லாவிட்டாலும் அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கலாம்.